ஐப்பசியில் வீசிய கன்று

"வீட்டுல மாடு ஏதாச்சும் கன்னு வீசுச்சுங்களா ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டார். கன்று வீசுவது என்றால் மாடு சினை கலைந்து குறைமாதத்தில் கன்றை வெளியே தள்ளிவிடுவது. "இல்லைங்க" என்றார் அப்பா. இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்பா தேறிவிட்டார். காலையில் பழையபடி சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுகிறார், வரப்பில் நின்று பக்கத்து நிலத்துக்காரரோடு தண்ணீர்த் தகராறும் செய்கிறார். வீட்டில் எல்லோருக்கும் அது முடிந்துபோன கதை. என்னால்தான் அந்த "இல்லைங்க"வைத் தாண்டி வர முடியவில்லை. டாக்டர்கள் கண்டுபிடிக்கவில்லை, லேப் சரியில்லை, பணம் பிடுங்கினார்கள் என்றெல்லாம் எட்டு மாதம் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். நோயின் பெயர் அத்தனை நாளும் எங்கள் வீட்டுக்குள்ளேயேதான் கிடந்திருக்கிறது.

மார்கழியில் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், விடிந்தால் இல்லை. பனிக்காலம், அறுபத்தோரு வயது, விடியற்காலையில் ஈரத்தில் நிற்கிற மனுஷன், காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெடிக்கல் கடையில் வாங்கிய மாத்திரையில் இரண்டு நாள் ஓடியது. அப்புறம் பக்கத்து ஊர் கிளினிக். அங்கே ஒரு விடால் டெஸ்ட், "டைபாய்டு" என்று ஒரு சீட்டு, ஐந்து நாள் ஊசி. காய்ச்சல் விட்டது. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. மறுபடி விடால், மறுபடி டைபாய்டு, இந்த முறை ஏழு நாள் ஊசி. தையில் ஒன்று, மாசியில் ஒன்று என்று மூன்று தடவை அப்பாவுக்கு டைபாய்டு வந்து போனதாக எங்கள் வீட்டு ஃபைல் சொல்கிறது.

விடால் 1896இல் வந்த பரிசோதனை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் ஊர்களில் காய்ச்சல் என்றாலே அதைத்தான் எழுதுகிறார்கள். அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு செய்து வைத்திருக்கிற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் எப்போதோ வந்து போன டைபாய்டாலும் இருக்கலாம், போட்ட தடுப்பூசியாலும் இருக்கலாம், வேறு கிருமியின் குழப்பத்தாலும் இருக்கலாம். டைபாய்டு புழங்குகிற ஊரில் ஒரே ஒரு தடவை எடுத்த விடாலை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதை இப்போது நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். என் நண்பர்கள் இதற்காகவே போனை எடுப்பதில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சலைவிட வேர்வைதான் பெரிய கவலையாக இருந்தது. ராத்திரி இரண்டு தடவை துண்டு மாற்ற வேண்டும், பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். "ஊறிப்போன வைக்கோல் மாதிரி நாறுதுடா" என்று போனில் சொன்னார். நான் ஓசூரில் இருந்துகொண்டு, "வேர்வைன்னா நாறத்தானேம்மா செய்யும்" என்றேன். இந்த நோயின் வேர்வை ஈர வைக்கோல் வாடை அடிக்கும் என்று மருத்துவத்தில் ஒரு பழைய குறிப்பே இருக்கிறது. அம்மா அதைப் படித்ததில்லை, மோந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இன்னொன்றையும் அவர்தான் முதலில் சொன்னார்: "உங்கப்பா பேசறதே இல்ல, திண்ணையில உக்காந்து தரையையே பாத்துக்கிட்டிருக்காரு." அதையும் நான் வயசு என்று எழுதிவிட்டேன்.

பங்குனியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து பால் கறக்க முடியவில்லை. தர்மபுரி, சேலம் என்று அலைந்து கடைசியில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்ததில், முதுகெலும்பின் அடிப்பகுதியில் இரண்டு எலும்புக்கு நடுவே புண் என்று வந்தது. நம் நாட்டில் மாலைக் காய்ச்சல், எடை இறக்கம், முதுகெலும்பில் புண் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது டிபிதான். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூற்றில் பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள், அப்பா பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டார். சதை எடுக்காமலே டிபி மாத்திரை தொடங்கியாயிற்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள், எடை பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை எங்கள் தெருவில்தான். டிபி என்ற சொல் காதில் விழுந்த அன்றைக்கே எங்கள் வீட்டு டம்ளர்கள் தனியாகப் பிரிந்தன. முதுகெலும்பில் இருக்கிற டிபி இருமலில் பரவாது என்று நான் சொன்னதை என் அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, காபியைத் தொடாமல் எழுந்துபோனார்.

முதல் மாதம் நல்ல குணம் தெரிந்தது. காய்ச்சல் நின்றது, வலி பாதியாகக் குறைந்தது. "அப்ப டிபிதான்" என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டோம். மருந்து கேட்டதே, வேறென்ன சாட்சி வேண்டும்? மூன்றாவது மாதம், மாத்திரை ஒரு நாள் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு சாயங்காலம் அப்பா போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

டாக்டரம்மா ஃபைலை மூடினார்

ஒரு நண்பன் சொல்லித்தான் அந்த டாக்டரம்மாவிடம் போனோம். ஃபைலைக் கொடுத்தேன். கல்யாண ஆல்பம் கனம் இருக்கும் அது. நாலைந்து தாளைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, அவ்வளவு செலவு செய்து சேர்த்த காகிதம். அப்பா பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். என்ன தொழில், எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, ஆடு உண்டா, பாலைப் பச்சையாகக் குடிக்கிற பழக்கம் உண்டா. அப்பா சுருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பாலைக் காய்ச்சாமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வி. அப்பா "இல்லைங்க" என்றார், கொஞ்சம் வேகமாகவே.

அம்மா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஏன் இல்ல? ஐப்பசியில செவல வீசலையா?" என்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை, "போட்டுக் கொடுத்துட்டியே" என்கிற பார்வை. எனக்கும் எங்கள் செவலை மாடு கன்று வீசிய விஷயம் தெரியும். தீபாவளிக்கு வந்திருந்தபோது அம்மா சொன்னார். "அடடா" என்றுவிட்டு முறுக்கு தின்றேன். எட்டு மாதம் அந்தச் செய்தி என் தலைக்குள்ளேயும் இருந்திருக்கிறது, ஒரு தடவைகூட காய்ச்சலுக்குப் பக்கத்தில் போய் நிற்கவில்லை. மாட்டுக்கு வருவது மாட்டு டாக்டர் விஷயம், மனுஷனுக்கு வருவது மனுஷ டாக்டர் விஷயம், இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு சுவர் இருந்தது.

டாக்டரம்மா யாரையும் அதட்டவில்லை. "எத்தனாவது மாசம் வீசுச்சு?" "ஏழுங்க." "கொடி தானா விழுந்துச்சா?" அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரெண்டு நாளா விழலைங்க. நான்தான் கையை விட்டு எடுத்தேன்." "கையுறை?" அப்பா சிரித்துவிட்டார். அந்த அறையில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான். டாக்டரம்மா அவர் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மண்வெட்டியும் வைக்கோலும் அறுத்து, வெடித்து, கோடு கோடாக இருக்கிற உள்ளங்கை.

எங்கள் பக்கம் மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். பால்மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்பது நம்பிக்கை. கன்று வீசின மாட்டின் கொடியை அப்படிக் கட்டமாட்டார்கள், எருக்குழியில் போய்விடும். அந்தக் கொடிக்குள்தான் புரூசெல்லா என்கிற கிருமி கோடிக் கணக்கில் இருந்திருக்கும். மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்று ஒருவகைச் சர்க்கரைப் பொருள் உண்டு, அது இந்தக் கிருமிக்குப் பிடித்த தீனி. அதனால்தான் சினையின் கடைசி மாதங்களில் அங்கே பெருகிக் கன்றை வெளியே தள்ளுகிறது. கால்நடைத் துறை ஆட்கள் இதைக் கன்று வீச்சு நோய் என்கிறார்கள். மனுஷனுக்கு வந்தால் புரூசெல்லோசிஸ். பெயர் மாறியதால்தானோ என்னவோ, ஒரே நோய் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ரோஸ் பெங்கால் என்று ஒரு பரிசோதனை. இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய செத்த கிருமிகளை ஒரு சொட்டும், நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், அதாவது சீரம் ஒரு சொட்டும் அட்டையில் கலந்து ஆட்டுவார்கள். நாலு நிமிஷம். குருணை குருணையாகத் திரண்டால் சந்தேகம் வலுக்கிறது. எட்டு மாதம் அலைந்ததற்குப் பதில் நாலு நிமிஷத்தில் இருந்தது என்பதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. அப்புறம் குழாய்களில் சீரத்தைப் படிப்படியாக நீர்க்க வைத்துப் பார்க்கிற பரிசோதனை. எவ்வளவு நீர்க்க வைத்தும் திரள்கிறதோ அவ்வளவு எதிர்ப்பொருள் இருக்கிறது என்று கணக்கு. 1:160க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்பார்கள், அப்பாவுக்கு 1:1280 வந்தது. எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் முதல் சில குழாய்களில் ஒன்றுமே திரளாமல் ஏமாற்றுமாம், அதனால் கடைசி வரை நீர்க்க வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கவும் அனுப்பினார். அனுப்புவதற்கு முன்னால் லேபுக்குப் போன் செய்து, புரூசெல்லா சந்தேகம், ஜாக்கிரதையாகக் கையாளுங்கள், சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றார். மெதுவாக வளர்கிற கிருமி அது, லேபில் வேலை செய்கிறவர்களுக்கே மூச்சு வழியாகத் தொற்றிவிடக்கூடியது. கடைசியில் ஒன்றும் வளரவில்லை. டிபி மருந்தில் இருக்கிற ரிஃபாம்பிசின் புரூசெல்லாவையும் அடிக்கும். முதல் மாதம் அப்பா தேறினதும் அதனால்தான். பாதி மருந்து சரியான மருந்தாக இருந்திருக்கிறது. ஆனால் இந்தக் கிருமி நம் ரத்த அணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும், ஒற்றை மருந்துக்கு அசைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப எழுந்துகொள்ளும்.

பழைய எம்.ஆர்.ஐ. படத்தையும் வேறொருவர் மறுபடி பார்த்தார். டிபி பெரும்பாலும் நடு முதுகில் எலும்பையே நொறுக்கிச் சீழ் கட்ட வைக்கும், இது இடுப்புப் பக்கம் எலும்பின் வடிவத்தைக் கெடுக்காமல் விளிம்பை அரித்திருக்கிறது என்றார். படம் மாறவில்லை, மாட்டைப் பற்றித் தெரிந்த பிறகு பார்த்த கண் மாறியிருக்கிறது. "நீங்க எப்படிங்க மேடம் மாட்டைக் கேட்டீங்க?" என்று ஒரு நாள் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு பால் ஊத்துறவங்க. கேக்காம எப்படி?" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை, அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

மால்டா ஆடுகள்

இந்த நோயைப் பற்றி ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இதில் ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. மத்தியதரைக்கடலில் மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் அலை அலையாகக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்த சிப்பாயின் மண்ணீரலில் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் பெயரில்தான் புரூசெல்லா. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 வருஷம் ஆனது. 1905இல் அந்தத் தீவுக்காரரான தெமிஸ்டோகிளஸ் ஸம்மிட் என்ற மருத்துவர் ஆட்டின் ரத்தத்தைச் சோதித்தார். மால்டாவில் ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து, கேட்ட அளவுக்குக் கறந்து கொடுப்பார்கள். தினமும் வாசலில் வந்து நின்ற ஆடுகள், பார்க்க நோயே இல்லாமல் கொழுகொழுவென்று இருந்த ஆடுகள், பாலில் கிருமியை ஊற்றிக்கொண்டிருந்தன. மறுவருஷம் படையினருக்கு ஆட்டுப் பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் மடமடவென்று இறங்கியது.

அலிஸ் ஈவன்ஸ் கதைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. மால்டா ஆட்டின் கிருமியும் மாட்டைக் கன்று வீச வைக்கிற கிருமியும் நெருங்கிய சொந்தம், பச்சைப் பால் ஆபத்து என்று 1918இல் எழுதினார். டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொல்வதை ஏன் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் பலர் ஒதுக்கினார்கள். 1922இல் ஆய்வகத்தில் அவருக்கே இந்த நோய் தொற்றியது. வருஷக்கணக்கில் விட்டு விட்டு வந்தது. அவருக்கு டாக்டர்கள் சொன்ன நோய் நரம்புத் தளர்ச்சி. உலகத்தில் இந்தக் கிருமியை மிக நன்றாக அறிந்த ஒருவர் தன் உடம்பில் அதை வைத்துக்கொண்டு, உனக்கு மனசுதான் சரியில்லை என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். திண்ணையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை நான் வயசு என்று சொன்னது இதைப் படித்தபோது சுருக்கென்றது.

துண்டுக்குள் பேசிய விலை

சரி, அப்பா ஏன் "இல்லைங்க" என்றார்? ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவரே சொன்னார், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. பொங்கல் கழிந்த வாரம் செவலையைச் சந்தையில் விற்றிருக்கிறார். கன்று வீசின மாடு என்று சொன்னால் யார் வாங்குவார்? அடுத்த சினையும் நிற்குமோ நிற்காதோ என்று விலையைப் பாதியாக அடிப்பார்கள். அதனால் "கன்னு போட்டு ரெண்டாம் நாள் செத்துப்போச்சு" என்று சொல்லி, தரகர் துண்டைப் போட்டு உள்ளே விரல் பிடித்து, 38,000 ரூபாய்க்கு முடித்திருக்கிறார். அப்பா பொய் சொல்லி வியாபாரம் செய்கிற ஆள் இல்லை. சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலந்தவனை ஊர் நடுவில் வைத்துத் திட்டியவர். அந்த ஒரு விற்பனை அவருக்கு முள்ளாக இருந்திருக்கிறது. டாக்டரம்மா கேட்டபோது அவர் காதில் விழுந்தது மருத்துவக் கேள்வி இல்லை. சந்தையில் மாட்டை வாங்கினவன் வந்து கேட்கிற மாதிரி விழுந்திருக்கிறது.

நோயாளி டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்பா நோயை மறைக்கவில்லை, ஒரு வியாபாரத்தை மறைத்தார். இரண்டும் ஒன்று என்று அவருக்கு யார் சொன்னது? சொல்லியிருந்தாலும் அந்த மாட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கே பதில் தெரியவில்லை. மாட்டுக்கு இதைக் குணப்படுத்த வைத்தியம் செய்வதில்லை. கிருமி மடியிலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கிவிடும். வெளியே பார்த்தால் மாடு நன்றாகத்தான் இருக்கும், அடுத்த கன்றை ஒழுங்காகவேகூடப் போடும், போடும்போது கொடியோடு கிருமியையும் போடும். அதை வீட்டில் வைத்திருந்தால் எங்களுக்கு ஆபத்து, விற்றால் இன்னொருவருக்கு.

அப்பாவுக்கு டிபி மாத்திரையை நிறுத்தி, டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று மாதம், ஆரம்பத்தில் மூன்று வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கொடுத்தார்கள். சாதாரணமாக ஆறு வாரம் போதுமாம், எலும்பைப் பிடித்ததால் இரட்டிப்பு. டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால் வெயிலில் தோல் கருகும், வெயிலில் போகாதீர்கள் என்று மருந்துக்கடைப் பையன் சொன்னான். விவசாயியிடம் போய். பெரிய குடை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், அதைப் பிடித்துக்கொண்டு அப்பா கொத்தமல்லிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை ஊரே வேடிக்கை பார்த்தது. ஐந்தாவது வாரத்திலிருந்து அம்மா ராத்திரி துண்டு மாற்ற எழுந்திருக்கவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த மாட்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை இல்லை. கிடாரிக் கன்றுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. 2019இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கிற கிடாரிகளுக்கு மட்டும், ஆயுளுக்கு ஒரே தடவை, இலவசமாகப் போடுகிறார்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி, போடுகிறவர் தவறிக் குத்திக்கொண்டால் அவருக்கே நோய் வரலாம் என்று கால்நடை ஆய்வாளர் சொல்லிவிட்டு, கன்றின் கழுத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்த பிடியில் கன்று கத்தியது.

செவலை பாக்கி. வாங்கினவருக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அப்பா வேண்டாம் என்றார், அப்புறம் மௌனமாக இருந்தார், அப்புறம் தரகரின் நம்பரைக் கேலண்டர் பின்பக்கம் காட்டினார். போன் செய்தேன். நான் யார் என்று சொன்னதும் தரகர் உஷாரானார். மாட்டைத் திருப்பிக் கேட்கவோ பணம் கேட்கவோ இல்லை என்று புரிய வைக்கவே பத்து நிமிஷம். "அது அப்பவே கைமாறிப் போச்சு தம்பி. வாங்குனவரு ரெண்டு மாசம் வெச்சிருந்துட்டு வேற சந்தையில ஓட்டிட்டாரு. இப்ப ஆந்திராவுல இருக்கோ எங்க இருக்கோ" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கன்று வீசின மாட்டின் கொடியை வெறும் கையில் எடுக்காதீர்கள், எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் இந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், வாங்கினவரைப் பார்த்தால் அவரிடமும் சொல்லுங்கள். "சரிங்க தம்பி, சரிங்க" என்று வைத்துவிட்டார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்து அதே நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் சத்தம் கேட்டது, சந்தையை விட்டுத் தள்ளி வந்து நின்று பேசுகிறார் போலிருக்கிறது. "தம்பி, அந்த டெஸ்ட்டு பேரு என்னமோ சொன்னீங்களே," என்றார். "எழுதிக்கிறேன், மெதுவாச் சொல்லுங்க."